இரவு உணவுக் கட்டம்

சீதளநாத நயினாரின் உடம்பில் சர்க்கரை நோய் பதினோரு வருடமாக எந்தத் தகராறும் இல்லாமல் குடியிருந்து வந்தது. ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரியும். காலையில் பதினெட்டு யூனிட் இன்சுலின், சாயங்காலம் பதினான்கு. ஏழரைக்குக் காலைச் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு, ஐந்து மணிக்கு மூன்றாவது. அதன்பிறகு ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால், மறுநாள் அது கிழக்கே ஏறும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது.

செஞ்சியைச் சுற்றியுள்ள சமணக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. இருட்டில் சாப்பிட்டால் தட்டில் விழுந்த பூச்சி கண்ணுக்குத் தெரியாது, ஓர் உயிர் வீணாகப் போய்விடும் என்பதற்காக ஏற்பட்ட விரதம். நயினார் அதைப் பிடித்து நாற்பது வருடம் ஆகிறது. அவர் மனைவி தர்மவதி அவருக்கும் முன்னாலேயே பிடித்தவள். ராத்திரிச் சாப்பாடு கிடையாது, கிழங்கு கிடையாது என்று கேள்விப்பட்ட டாக்டர் ஒருவர், பாதி வைத்தியத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருகிற நோயாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி மீதிப் பாதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஒரே ஒரு தடவை தகராறு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் வேர்க்கடலை பிடுங்கும்போது இடது காலில் ஒரு கீறல். அந்த மாதம் ஊசியில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டார். கீறல் ஆற ஐந்து மாதம் பிடித்தது, ஒரு சுண்டுவிரலையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து நயினார் ஊசி விஷயத்தில் நாளும் தவறுவதில்லை, நேரமும் தவறுவதில்லை. விரலில் குத்திப் பார்த்த எண்ணை ஒவ்வொரு நாளும் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பார். மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் நோட்டைக் காட்டினால் மருந்துப் புட்டிகளைக் கொடுத்துவிடுவார்கள். காட்டுவதும் வாங்குவதும் நான்கு நிமிட வேலை.

நான்கு நிமிடத்தில் முடிகிற வேலை முறையான வேலையாக இருக்க முடியாது என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அந்த வருடம் சித்திரையில் திண்டிவனம் சாலையில் நாள்பட்ட நோயாளர் ஒழுங்கு மையம் திறக்கப்பட்டது. முன்பு டிராக்டர் விற்ற கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. டிராக்டர்கள் நின்ற இடத்தில் இப்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, ஆஸ்துமா என்று நான்கு வரிசையாக நாற்காலிகள். சுவரில் பெரிய எழுத்தில், ‘நோய் உங்களுடையது, ஒழுங்கு எங்களுடையது’ என்று எழுதியிருந்தது. இனிமேல் மருந்து இங்கேதான் என்றார்கள்.

முதல் நாளே நயினாருக்கு ஓர் ஆரஞ்சு நிற நாட்குறிப்பு கொடுத்தார்கள். அவருடைய பதினோரு வருட நோட்டுகளைக் கொண்டுபோயிருந்தார். அவற்றை எடைபார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆரஞ்சு நாட்குறிப்பில் ஒரு நாளைக்கு மூன்று கட்டம். காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு. ஒவ்வொன்றிலும் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை எவ்வளவு என்று எழுத வேண்டும். நயினார் ஒரு மாதம் முத்து முத்தாக எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவது கட்டத்தில் ‘மாலை 5.00’ என்று எழுதியிருந்தார்.

கணினியில் பதிவு செய்கிற விமல்ராஜ் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். இரவு உணவு ஏழிலிருந்து பத்துக்குள் இருந்தால்தான் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். ஐந்து மணி என்று அடித்தால் கட்டம் சிவப்பாகிறது. காலியாக விட்டால் இன்னும் சிவப்பாகிறது. இரவு உணவுக் கட்டம் சிவப்பாக இருந்தால் சாயங்கால இன்சுலினை இயந்திரம் விடுவிக்காது. அந்த ஊசி இரவு உணவுக்கு முன் போடுவது. இரவு உணவே இல்லாதவருக்கு அதற்கு முன் போடும் ஊசி எதற்கு என்பது இயந்திரத்தின் நியாயம்.

“எட்டு மணின்னு போட்டுடட்டா சார்?” என்றான் விமல்ராஜ். நல்ல பையன், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, யாருக்கும் கெடுதல் நினைக்காதவன்.

நயினார், நான் எட்டு மணிக்குச் சாப்பிடுவதில்லை, பொய் எழுதமாட்டேன் என்றார்.

“இது பொய் இல்ல சார். என்ட்ரி.”

நயினார் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை. அன்று காலை ஊசிக்கான மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

வீட்டில் சாயங்கால ஊசிக்கான புட்டியில் பத்து நாளைக்குத்தான் மருந்து இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிச் சமாளிப்பது ஒரு மாதம் என்றால் முடியும், வருடம் முழுக்க என்றால் கடலை விளைகிற நிலத்துக்குத் தாங்காது. தர்மவதி அவருடைய இடது காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன பயம் என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் அதே பயம்தான்.

மறுநாள் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் தாண்டவராயனைப் போய்ப் பார்த்தார். தாண்டவராயன் ஐம்பது வயதுக்காரர், மெல்லிய குரல், நோயாளிகளைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிறவர். தனியறையில் ஒரே ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மேடையில் பேசுவதுபோல்தான் பேசுவார்.

“ஐயா, நான் உங்க சமயத்தை மதிக்கிறவன். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த வட்டாரத்துல ஒரு கட்டம்கூடக் காலியா இருந்ததில்ல. நோயாளிங்க எண்ணிக்கை கூடலாம், கொறையலாம், அது இயற்கை. கட்டம் கொறைஞ்சதில்ல. உங்க ஒருத்தரால மாவட்டத்துல நாங்க மூணாவது எடத்துக்கு எறங்கியிருக்கோம். உங்களுக்குச் சக்கர கட்டுப்பாட்டுல இருக்குது, நல்ல விஷயம். ஆனா அது எங்களோட கட்டுப்பாட்டுல இல்லையே.”

நயினார், ஐந்து மணிச் சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். தாண்டவராயன் சிரித்தார். கட்டம் சென்னையில் போடுவது, செஞ்சியில் நிரப்புவது மட்டும்தான் என்றார். ஆனாலும் நோயாளியைக் கைவிடுவது மையத்தின் வழக்கமில்லை என்று சொல்லி, நயினாரின் விரதத்தை விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சூரியன் மறைவதற்கு முன் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பதிவுத் தபாலில் ஓர் ஆணை வந்தது. நயினார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தர்மவதிக்குக் கேட்கும்படி வாசித்தார்.

‘பொருள்: சூரிய மறைவு நேரம், தளர்வு அளித்தல் தொடர்பாக. பார்வை: 1. திரு. சீதளநாதன் அவர்களின் வாய்மொழி வேண்டுகோள். 2. சூரியன். பார்வையில் காணும் இரண்டும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. மேற்படி நோயாளியின் நலன் கருதி, இம்மையத்தின் எல்லைக்குள், இத்திட்டத்தின் நோக்கங்களுக்காக மட்டும், சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மறைவதாகக் கொள்ளப்படும். இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது.’

அடியில் ஆறு அலுவலகங்களுக்கு நகல் போட்டிருந்தது. அன்று சாயங்காலம் நயினார் வாசலில் நின்று மலையைப் பார்த்தார். சூரியனுக்கு நகல் வரவில்லை போலிருக்கிறது, வழக்கமான நேரத்துக்கே இறங்கியது.

ஆணையைப் பயன்படுத்திக்கொள்ளாதது மையத்தில் வருத்தத்தை உண்டாக்கியது. அவ்வளவு தூரம் இறங்கி வந்தோமே என்றார் தாண்டவராயன். இதற்குள் நயினார் கடையில் ஒரு புட்டி வாங்கி, சாயங்கால ஊசியைப் பத்து யூனிட்டாகக் குறைத்து மருந்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தால் எண் இருநூற்று நாற்பதில் நின்றது. கால் பாதம் மரத்துப்போவதுபோல் இருந்தது. பெயரையே எடுத்துவிடலாமா என்று மையத்தில் பேச்சு கிளம்பியபோது, தாண்டவராயன் விதிப் புத்தகத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

விதி பதினேழு. நோயாளி தானே ஒரு செயலைச் செய்ய இயலாத நிலையில் அவருக்குப் பதிலாக ஒரு பதிலி அதைச் செய்யலாம். கையெழுத்துப் போட முடியாதவர், வரிசையில் நிற்க முடியாதவர் ஆகியோருக்காக எழுதிய விதி. சாப்பிடுவது ஒரு செயல்தான் என்பதை யாராலும் மறுக்க முடியாது என்றார் தாண்டவராயன். நயினாருக்குப் பதிலாக வேறொருவர் இரவு உணவு சாப்பிடுவார். அவர் விரலில் குத்திப் பார்த்த எண் நயினாரின் கட்டத்தில் ஏறும். ‘பதிலி மூலம்’ என்று பக்கத்தில் குறித்துவிட்டால் பொய்யும் கிடையாது.

நயினார் இரண்டு நாள் யோசித்தார். எழுதுவதில் பொய் இல்லை. ஆனால் தான் செய்யாமல் இன்னொருவரைச் செய்யவைப்பதும் தோஷம்தானே என்று தர்மவதியிடம் கேட்டார். தர்மவதி, யாரைப் பதிலியாகப் போடப்போகிறீர்கள் என்று கேட்டாள். பக்கத்து நிலத்துக் கலியபெருமாள் வருகிறேன் என்கிறான் என்றார்.

“அவரு நீங்க சொன்னாலும் துன்னுவாரு, சொல்லாட்டியும் துன்னுவாரு. அதுல உங்களுக்கு இன்னா தோஷம்?” என்றாள் தர்மவதி.

கலியபெருமாள் நயினாரின் வயதுக்காரர், கிட்டத்தட்ட அதே எடை. பதிலியாகிறவர் நோயற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. மையத்தில் அவர் உயரத்தையும் எடையையும் அளந்து, நோய் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். உத்தியோகம் கிடைத்தவர்போல் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார். தினமும் ராத்திரி கூட்டுரோட்டுக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, விரலிலும் குத்திப் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலை மாடு ஓட்டிக்கொண்டு போகிற வழியில் நயினார் வீட்டு வாசலில் நின்று கணக்கு ஒப்பிப்பார்.

“எழுதிக்க நயினாரே. பரோட்டா நாலு. சால்னா ரெண்டு தபா. ஆஃப்பாயில் ஒண்ணு. நம்பரு முந்நூத்தி முப்பத்தெட்டு.”

நயினாருக்குப் பேனா ஓடவில்லை. நாற்பது வருடமாக முட்டை என்ற சொல்லையே வீட்டில் உச்சரித்ததில்லை; அது இப்போது அவர் பெயர் போட்ட நாட்குறிப்பில் அவர் கையெழுத்திலேயே ஏற வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து தர்மவதி, அண்ணன் நம்ம கணக்கில் சாப்பிடும்போதாவது இட்லி சாப்பிடக்கூடாதா என்று கேட்டாள். இட்லி தனக்கு அடங்காது, அடங்காத வயிற்றோடு எழுந்தால் அது நயினாரைப் பட்டினி போட்ட மாதிரி ஆகிவிடும் என்றார் கலியபெருமாள்.

நயினாருக்கு முட்டையைவிட அந்த எண்தான் உறுத்தியது. மறுநாள் முந்நூற்று ஐம்பது. அதற்கடுத்த நாள் முந்நூற்று இருபத்தொன்று.

“கலியா, இது என் சக்கர இல்ல. உன் சக்கர. போய் நல்லபடியா ஒரு டாக்டர்கிட்ட காட்டு” என்றார்.

“எனக்கு ஏது சக்கர? எனக்கு இல்லன்னு மையத்துலயே எழுதிக் குடுத்துருக்கான். உனுக்கு இருக்கிறத வச்சிக்குனு என் தலையில கட்டாத நயினாரே.”

நயினார் இதை மையத்தில் போய்ச் சொன்னார். தாண்டவராயன் பொறுமையாக விளக்கினார். பதிலியின் சர்க்கரை சட்டப்படி நோயாளியின் சர்க்கரை. ஒரே சர்க்கரையை இரண்டு பேர் பெயரில் பதிவு செய்ய முடியாது. கலியபெருமாளுக்குச் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொண்டால் அவர் பதிலியாக இருக்கும் தகுதியை இழப்பார். பதிலி இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரையே பதிவில் இருக்காது. பதிவில் இல்லாத சர்க்கரைக்கு மையம் எப்படி மருந்து கொடுக்கும்?

நயினார் சாயங்காலப் புட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டம் பச்சையாகிவிட்டது, மருந்து வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் பெரிய குறையில்லை. ஆனால் முந்நூற்றைத் தாண்டிய எண்களை இயந்திரம் படித்துவிட்டது. அடுத்த மாதம் அவருடைய சாயங்கால அளவு பதினான்கிலிருந்து இருபத்திரண்டாக உயர்ந்தது. அதற்கடுத்த மாதம் முப்பது. ஐப்பசியில் முப்பத்தாறு. கலியபெருமாள் சாப்பிடச் சாப்பிட நயினாருக்கு ஊசி ஏறிக்கொண்டே போயிற்று. நயினார் வீட்டில் பதினான்கைத்தான் போட்டுக்கொண்டார், பதினான்கு என்றே எழுதினார். மையத்திலிருந்து ‘மருந்துக்கு ஒத்துழைக்காதவர்’ என்று கடிதம் வந்தது. நவம்பர் பதினான்கு, உலக நீரிழிவு நாள் விழாவில் நேரில் வந்து, செவிலியர் முன்னிலையில் முப்பத்தாறு யூனிட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் பெயர் நிரந்தரமாக நீக்கப்படும்.

தர்மவதி போகவேண்டாம் என்றாள். போகாவிட்டால் மருந்துக்கு வழி என்ன என்று நயினார் கேட்டார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முப்பத்தாறு போட்டால் வழக்கத்தைப்போல் இரண்டரை மடங்கு சாப்பிட வேண்டும். பொழுது இறங்குவது ஐந்து நாற்பதுக்கு. ஊசி ஐந்து மணிக்கு. போட்ட உடனே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் தாங்கிவிடலாம். தர்மவதி பத்து இட்லியும் ஒரு டப்பா தயிர்சாதமும் கட்டிக்கொண்டாள்.

செவிலியர் ரஞ்சனி மருந்தை ஏற்றும்போது அவள் கை தயங்கியது. முப்பது வயதுப் பெண், வல்லத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். நயினாரின் பழைய நோட்டுகளை அந்தக் கட்டடத்தில் திறந்து வாசித்த ஒரே ஆள்.

“ஐயா, உங்க ஒடம்புக்கு முப்பத்தாறு ஜாஸ்திங்க. எனக்குத் தெரியுது. ஆனா மேல கேமரா இருக்குதுங்க. சிரிஞ்சைப் போட்டோ எடுத்து அனுப்பணும்.”

நயினார் மேலே பார்த்தார். கேமரா அவரைப் பார்த்தது. போடும்மா, சாப்பாடு கொண்டுவந்திருக்கிறோம் என்றார்.

ஐந்து மணிக்கு ஊசி இறங்கியது. ஐந்து ஒன்றுக்கு இரண்டு தொண்டர்கள் வந்து அவரைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப்போனார்கள். பதிலி முறையில் கட்டம் நிரப்பிய முதல் நோயாளி என்பதால் அவருக்கு மேடையில் நாற்காலி, கழுத்தில் மாலை. பக்கத்து நாற்காலியில் சலவைச் சட்டையில் கலியபெருமாள். மாவட்டத்திலிருந்து மேலதிகாரி வருகிறார், வண்டி வல்லம் தாண்டிவிட்டது என்றார்கள். இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நயினார் எழுந்தார். இதோ வந்துவிட்டார் என்று உட்காரவைத்தார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்தார். வண்டி அப்போதும் வல்லத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சரி, இங்கேயே சாப்பிடுகிறேன், டப்பாவை மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கேட்டார். இன்றைய விழாவின் தலைப்பு உணவுக் கட்டுப்பாடு, மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் மக்களுக்குத் தவறான செய்தி போய்விடும் என்றார்கள். கீழே உறவினர் வரிசையில் தர்மவதி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். அந்த வரிசைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது.

கண்ணாடி முகப்பு வழியாகச் சாலைக்கு அப்பால் மலை தெரிந்தது. ஐந்து முப்பத்தெட்டுக்கு மேலதிகாரி வந்து இறங்கினார். அவரை வரவேற்க எல்லாரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்ற தலைகள் மறுபடி உட்கார்ந்தபோது மலைக்கு மேல் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது.

நயினார் மாலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி டப்பா வந்தாலும் பயனில்லை.

தாண்டவராயன் வரவேற்புரை ஆற்றினார்.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களே. நோயாளி என்பவர் யார்? சிலர் நினைக்கிறார்கள், அவர் ஓர் உடம்பு என்று. இல்லை. உடம்பு வீட்டுக்குப் போய்விடும். நாட்குறிப்புதான் நம்மிடம் இருக்கும். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவரின் உடம்பு ஒரு காலத்தில் நம் பதிவோடு ஒத்துப்போகவில்லை. நாம் பதிவை மாற்றினோமா? மாற்றவில்லை. பொறுமையாக, அன்பாக, ஒவ்வொரு யூனிட்டாக, உடம்பைப் பதிவின் பக்கம் கொண்டுவந்துகொண்டிருக்கிறோம்.”

கைதட்டல் எழுந்தது. நயினாருக்கு அது எங்கோ கோட்டைக்கு மேலிருந்து கேட்பதுபோல் இருந்தது. விரல்கள் நடுங்கின. மாலையிலிருந்த சம்பங்கியின் வாசனை ஈரமாகிக் கழுத்தில் வழிந்தது. அது வியர்வை என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அடுத்த நிகழ்ச்சியாகச் ‘சர்க்கரைக்கு விடைகொடுத்தல்’ என்று அறிவித்தார்கள். வெள்ளிக் கிண்ணம் நிறையச் சீனியை வைத்து, அதை மேலதிகாரி குப்பைத் தொட்டியில் கொட்டுவார். கிண்ணத்தைக் கொண்டுவந்து மேடை மேசையில் வைத்தார்கள்.

“இன்னா நயினாரே, வேர்த்து ஊத்துது?” என்று கலியபெருமாள் திரும்பியபோது நயினார் அவர் தோளில் சாய்ந்தார்.

கயிற்றைத் தாண்டி முதலில் வந்தது தர்மவதிதான். பின்னாலேயே ரஞ்சனி வந்து விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்து நான்கு. சர்க்கரை வேண்டும், உடனே வேண்டும் என்றாள் ரஞ்சனி. மேலதிகாரி கிண்ணத்தைக் கையில் ஏந்திப் புகைப்படத்துக்காக நின்றிருந்தார். தர்மவதி அவர் கையிலிருந்த கிண்ணத்தில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

நயினார் உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கண் பாதி திறந்திருந்தது. எதையோ கேட்டார். தர்மவதி குனிந்தாள்.

“பொழுது?” என்றார்.

தர்மவதி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சாலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணி ஆறு இருபது. பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து தெரிந்தே ஒரு பொய் வந்ததில்லை என்பது உறவு முழுக்கத் தெரிந்த விஷயம்.

“இருக்குதுங்க. இன்னும் எறங்கல. வாயத் தொறங்க.”

“ஆமாம் ஐயா,” என்று ஒலிபெருக்கியில் தாண்டவராயனின் குரல் கேட்டது, “ஒன்பது மணிவரைக்கும் இருக்கும். ஆணை நடைமுறையில் இருக்கிறது.”

நயினார் வாயைத் திறந்தார்.

சீனி மட்டும் பத்தாது, போட்ட மருந்து ராத்திரி முழுக்க வேலை செய்யும், சாப்பாடும் உள்ளே போக வேண்டும் என்றாள் ரஞ்சனி. தர்மவதி டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். நான்காவது இட்லிக்கு அவருக்கு முழு நினைவு வந்தது. கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். பிறகு தர்மவதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் அடுத்த இட்லியைப் பிட்டாள். அவர் மென்று விழுங்கினார்.

விமல்ராஜ் கணினி முன்னால் தயாராக உட்கார்ந்து, சுவர்க் கடிகாரம் ஏழைத் தொட்டதும் பதிவு செய்தான். இரவு உணவு: இட்லி, தயிர்சாதம், சீனி. பதிலி இல்லை. சர்க்கரை: நாற்பத்து நான்கு. கட்டம் பச்சையானது. முந்தின நாள் முந்நூற்று நாற்பது, இன்று நாற்பத்து நான்கு என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒரே நாளில் இவ்வளவு இறக்கம் மாவட்ட வரலாற்றிலேயே இல்லை என்று மேலதிகாரி தன் உரையில் குறிப்பிட்டார். மையத்துக்கு முதலிடம் கிடைத்தது.

கலியபெருமாள் மட்டும் அன்று சாப்பிடக் கடைக்குப் போகவில்லை. நாற்பத்து நான்குக்கு ஒருவன் தன் தோளில் சாய்ந்தால், முந்நூற்று நாற்பது தன்னை எங்கே கொண்டுபோய்ச் சாய்க்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பரோட்டாவை நினைத்துக்கொண்டே திண்டிவனத்துக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்து, தன் சர்க்கரையைத் தன் பெயருக்கே எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

விரதம் முறிந்தால் மறுநாள் முழு உபவாசம் இருந்து கழிக்க வேண்டும். நயினார் காலையில் விரலில் குத்திப் பார்த்தார், நூற்று எழுபது. ஊசியும் போடவில்லை, சாப்பிடவும் இல்லை. தர்மவதியும் அடுப்பு மூட்டவில்லை. பத்து மணிக்கு ரஞ்சனி ஸ்கூட்டியில் வந்தாள். ஒருநாள் பட்டினி பரவாயில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும், தலை சுற்றினால் உபவாசத்தைவிட உயிர் பெரிது என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி ஆரஞ்சு நாட்குறிப்பை எடுத்தாள். முதலிடம் கிடைத்ததால் இனி தினமும் பதிவு அனுப்ப வேண்டுமாம். காலை என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றார் நயினார். மதியம்? ஒன்றுமில்லை. ராத்திரி? அவர் சிரித்துவிட்டார்.

ரஞ்சனி பயந்துகொண்டே விமல்ராஜுக்கு போன் செய்தாள். ஒரு கட்டம் காலியாக இருந்ததற்கே இந்தப் பாடு, மூன்றும் காலி. விமல்ராஜ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். பிறகு, மேடம், சிவப்பே வரலை என்றான். ஒரு கட்டம் காலி என்றால்தான் தவறு. மூன்றும் காலி என்றால் நோயாளி வெளியூர் போயிருப்பதாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. வெளியூர் போனவருக்கு மருந்து தடைபடக்கூடாது என்று மாதத்துக்கு மொத்தமாக விடுவித்துவிடுகிறது. ஊரில் இல்லாதவரின் அளவை மாற்ற முடியாது என்பதால், முதன்முதலில் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கே போய்விடுகிறது. காலை பதினெட்டு, மாலை பதினான்கு.

நயினார் இதை நிதானமாக யோசித்தார். வெற்றுத் தாளைக் கொடுப்பதில் பொய் ஏதும் இருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் ஓர் எழுத்துமில்லை. வெளியூர் என்று அவர் சொல்லவில்லை. இயந்திரமாக நினைத்துக்கொண்டால் அது அதன் பாடு.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் ஒன்றும் எழுதாத ஆரஞ்சு நாட்குறிப்பை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மருந்தை வாங்கிக்கொண்டு வருகிறார். நான்கு நிமிடம் ஆகிறது. தாண்டவராயன் எழுந்து நின்று கும்பிட்டு, வெளியூரில் சௌகரியமாக இருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. உபவாசத்துக்கு மறுநாள் காலை, பொழுது ஏறியதும் நயினார் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தர்மவதி கஞ்சியை ஊற்றி வைத்தாள். ஒரு தட்டுதான் இருந்தது. உன் தட்டு எங்கே என்று கேட்டார்.

“எனக்கு இன்னிக்கும் உபவாசம்” என்றாள்.

ஒரு நாள்தானே, அது நேற்றே முடிந்ததே என்றார் நயினார்.

“நேத்து இருந்தது உங்களுக்கு ஊட்னதுக்கு,” என்றாள் தர்மவதி. “ஆறிடப் போவுது, சாப்பிடுங்க.”